கதவண்ணன்

வக்கீல் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவண்ணன் மறுபடியும் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஏசி இல்லாத அறை. வக்கீலுக்கு வியர்த்து ஊற்றியது.

குளிர்பதனக் கிடங்கில் கதவுக்குப் பொறுப்பான ஆள் வேறு எப்படி இருப்பார்? திறந்த கதவைக் கண்டால் கை பரபரக்கும். பீரோ, பஸ், பக்கத்து வீடு, எதுவும் தப்பாது. மனைவி ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டால் போதும், பின்னாலேயே வந்து நின்று, "சட்டுனு எடும்மா, குளிரு போகுது" என்பார். பாவம் அந்த அம்மாள், இவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்துத்தான் ஃப்ரிட்ஜைத் திறப்பாள்.

போன மாதம் ஏதோ வாய்த்தகராறில், சுமை தூக்கும் ஆட்கள் நாலு பேர் ஒரு லாரி டிரைவரைக் கிடங்குக்குள் இழுத்துப்போய் நொறுக்கி எடுத்தார்கள். முழங்கால் போய்விட்டது. கதவண்ணன் அவன்மேல் விரல்கூட வைக்கவில்லை. அந்தப் பக்கம் போனார், கதவு திறந்து கிடந்தது, சாத்தினார். வழக்கம்போலக் கொண்டியையும் போட்டார். வழக்கில் ஐந்தாவதாக அவர் பெயரும் ஏறிவிட்டது.

அடித்தால்தான் குற்றம் என்றில்லை, தெரிந்தே அடிக்கத் தோது பண்ணிக்கொடுத்தாலும் அடித்தவனோடு சேர்ந்து ஜெயில்தான் என்று வக்கீல் விளக்கினார். "உள்ள நடக்கறது தெரிஞ்சு சாத்தினீங்களா, தெரியாம சாத்தினீங்களா? கேஸே அதுலதான் நிக்குது."

"குளிரு வெளிய போயிடும் சார்."

வீட்டில் மனைவி சுற்றி வளைக்கவில்லை. "அந்தப் புள்ள கத்தினது கேட்டுச்சா?"

அது கனமான கதவு, மூடிவிட்டால் ஒன்றும் கேட்காது என்றார்.

"மூடறதுக்கு முன்னாடி?"

அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

விசாரணையன்று கதவண்ணன் நீதிமன்ற அறை வாசலில் நின்றிருந்தார். டிரைவர் ஊன்றுகோலோடு அவரைத் தாண்டி உள்ளே போனான். பின்னால் கதவு திறந்தே இருந்தது. கதவண்ணனின் கை, சொல்லவா வேண்டும், தானாகப் போய் அதைத் தள்ளியது. கீல் கிறீச்சிட்டது. டிரைவர் ஊன்றுகோலை அப்படியே கீழே விட்டுவிட்டு, சுவரோடு ஒட்டி, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான்.

கதவண்ணன் சட்டென்று கையை எடுத்தார். கதவை மறுபடி அகலத் திறந்தார். காற்றுக்கு அது திரும்பி வந்தது. காலிலிருந்து ஒரு செருப்பைக் கழற்றி அதன் அடியில் செருகினார். உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒற்றைச் செருப்போடு போனார்.