வேலி திறக்கும் நாள்

எங்கள் வயல்வெளியில் முப்பது நாற்பது குடும்பங்களுக்கு நிலம் இருந்தது. வேலி மட்டும் ஒன்றுதான். சாம்பல்தீவுப் பக்கம் அப்போது அதுதான் வழக்கம். விதைப்புக்கு முன் கூட்டம் கூடும். யார் என்ன நெல் விதைக்கிறார்கள் என்று கேட்டு, வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானையார் வேலி திறக்கும் நாளைக் குறிப்பார். அந்த நாளிலிருந்து வெளி மாடுகளுக்கு. அதற்குள் வெட்டாதவர் பாடு அவர் பாடு.

ஒரு வருடம் ஐப்பசியில் விவசாயப் போதனாசிரியர் நாலு மாத நெல்லைக் கொண்டுவந்தார். குட்டைப் பயிர், சாயாது, பசளை போட்டால் இரட்டிப்பாய் விளையும் என்றார். காற்சட்டையில் சேறு படாத மனிதர் சொல்வதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஆறு மாத நெல்தான் வருடம் முழுக்க வீட்டில் ஐந்து வயிற்றை நிரப்பியது. என் கணவருக்குச் சீனன்குடாவில் துறைமுக வேலை. சனிக்கிழமை மட்டும் வயலில் இறங்கும் கமக்காரர். “உம்மட விருப்பம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார்.

கூட்டத்தில் விதானையார் ஒவ்வொருவராய்க் கேட்டார். எனக்கு முன் இருந்த ஆண்கள் எல்லோரும் “புதுசு” என்றார்கள். ஒற்றையாய்ப் “பழசு” என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நானும் புதுசுக்கே தலையை ஆட்டினேன். என் பக்கத்தில் இருந்தவள் அடுத்த வயல்காரி. அவளுடைய புருஷனும் துறைமுக வேலைக்குப் போகிறவர். அவளும் புதுசு என்றாள். விதானையார் வேலி திறக்க மாசிக் கடைசியைக் குறித்தார். ஒரு துண்டு வயலுக்காகக் கொஞ்ச நாள் பொறுக்கமாட்டார்களா என்று நினைத்து, நான் பழசையே விதைத்தேன். திமிர்தான், வேறென்ன.

மாசியில் வெட்டுத் தொடங்கியது. சுற்றிவர வயல்கள் மொட்டையாகின; என்னுடையது மட்டும் பச்சையாய் நின்றது. வெளி முழுக்கப் பரந்து தின்ற கிளிகளுக்கு இனி ஒரே இடம். தகரம் தட்டினால் எழும்பி ஒரு வட்டம் சுற்றிவிட்டு அங்கேயே இறங்கும். கதிர் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. வேலிக்கு வெளியே மாடுகள் சேரத் தொடங்கின. முதல் நாள் நாலைந்து. பிறகு எண்ண முடியவில்லை. கத்தாமல், அசையாமல், என் வயலையே பார்த்துக்கொண்டு நின்றன. விதானையார் வீட்டுக்கு ஓடினேன்.

“இன்னும் ஒண்டரை மாசம் வேணும், ஐயா.”

“வேலிக்கு அங்கால ஒரு பிடி புல்லு இல்லை, அம்மா. ஒரு வயலுக்காக எல்லாற்ற மாட்டையும் சாகவிட ஏலாது. கூட்டத்தில நீங்கள் தலையாட்டினீங்கள்தானே?”

“ஓம்.”

“நாலு நாள் தாறன். அதுக்கு மேல கேக்காதேங்கோ.”

நாலு நாளில் பால் அரிசியாகாது. மூன்றாம் நாள் காலை அரிவாளை எடுத்தேன். ஊர் மாடு மிதித்துத் தின்பதை விட என் இரண்டு பசுக்களாவது தின்னட்டும். நசுங்கிய மணிகள் விரலில் வெள்ளையாய் ஒட்டின. அந்த வருடம் பிள்ளைகளுக்கு என்னத்தைப் போடுவேன் என்று பயமாக இருந்தது. ஆனால் அழவில்லை, கோபம் வந்தால் எனக்கு அழுகை வராது.

அடுத்த வயல்காரி தன் அரிவாளோடு வந்து, கேட்காமலே பக்கத்தில் குனிந்து வெட்டத் தொடங்கினாள்.

“உன்ர புது நெல் நல்லா விளைஞ்சுதாமே” என்றேன், குத்தலாகத்தான்.

“விளைஞ்சுது, அக்கா. ஆனா எனக்கு அதில விருப்பமே இருக்கேல்லை. அந்தப் போதனாசிரியற்ற கதை ஒண்டும் மண்டைக்குள்ள ஏறேல்லை.”

“பிறகென்னத்துக்கு விதைச்சனி?”

அவள் நிமிரவில்லை. “கூட்டத்தில உங்களுக்குப் பிறகுதானே என்ர முறை. நீங்கள் பழசு எண்டு சொல்லுவீங்கள், நானும் சொல்லலாம் எண்டு இருந்தனான். நீங்கள் தலையாட்டினீங்கள். பின்னுக்கு இருந்த ஆறேழு பேரும் உங்களைப் பாத்துத்தான் புதுசெண்டவை.”

அதற்குப் பிறகு ஒரு பிடிகூட என்னால் அரிய முடியவில்லை. மிச்சத்தை அவள்தான் வெட்டினாள்.