டோறின் அக்காவின் பாரமான ரிவோல்வர்

1986இல், புலம்பெயர்ந்து வந்த நாட்டில், பென்ரோஸ் என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே டோறின் அக்காவின் தேநீர் என் சட்டையில் கொட்டியது. வெளியே யாரோ மரத்தட்டு ஒன்றைப் படாரென்று போட, பொதி கட்டும் பகுதியில் வேலை செய்த அவர் மேசைக்குக் கீழே புகுந்துவிட்டார்.

"குறை நினையாதையும் தம்பி. மன்னாரில இருந்து கொண்டுவந்த காது இது."

அதே அக்கா அடுத்த வருடம் ஒரு கைத்துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்தார்.

"எத்தினை நாளைக்கு மேசைக்குக் கீழ இருக்கிறது? நானே சுடுற சத்தத்துக்காவது நிமிந்து நிக்கப் பழகோணும்."

பழக்கம் எளிதில் வரவில்லை. கழகத்துத் துப்பாக்கி உதைக்கும் என்ற பயத்தில், வெடிக்கும் முன்பே கண்ணை மூடிக் கையைக் கீழே அமுக்கிவிடுவார். இப்படியே போனால் சொந்தத் துப்பாக்கி வாங்குவதற்கான பொலிஸ் அனுமதிக்குத் தன்னால் சிபாரிசு செய்ய முடியாது என்று பயிற்றுநர் கிரேம் சொல்லிவிட்டார். கடைசி முயற்சியாக, உறுப்பினர் ஒருவர் விற்கவிருந்த இரண்டு பழைய ரிவோல்வர்களை எடுத்து வைத்தார். இரண்டும் இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தியவை. இரண்டுக்கும் போடுவது ஒரே சின்னத் தோட்டாதான். ஒன்று கட்டைக் குழலோடு மினுங்கியது. மற்றது நீளக் குழல், நிறம் தேய்ந்த பாரமான சாமான்.

அன்று நானும் அக்காவின் கணவர் சில்வெஸ்ரர் அண்ணையும் கூடப் போயிருந்தோம். அண்ணை மினுங்கியதைத் தூக்கினார். "இஞ்சேரும், உம்மட கைக்குக் காப்பு மாதிரி அளவாயிருக்கு!"

எங்கள் ஊரின் முதல் பட்டதாரி நான், அதுவும் பௌதிகம். சும்மா இருப்பேனா? "அண்ணை, பாரம் கூடினதுதான் குறைய உதைக்கும்."

"துடங்கீட்டான் விஞ்ஞானி!"

"ரெண்டையும் சுட்டுப் பாப்பம்," என்றார் அக்கா.

கிரேம் தோட்டாக்களுக்கு நடுவே வெற்றுக் கோதுகளையும் கலந்து போட்டார். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று சுடுபவருக்குத் தெரியாது. சின்னது வெடித்தபோது துள்ளியது. வெற்றுக் கோது 'டிக்' என்றபோது குழல் தரையைப் பார்த்தது. பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. பாரமானது மெல்லத்தான் உதைத்தது. ஆனாலும் முதல் 'டிக்'குக்குக் குழல் தாழ்ந்தது.

அக்கா உதட்டைக் கடித்தார். திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"நீங்கள் அங்கால போங்கோ. நீங்கள் கண்ணை மூடுறதைப் பாத்தா எனக்கும் மூடுது."

"நான் எங்க மூடினனான்?"

"ஓம், ஜெபம் சொன்னனீங்களாக்கும். போங்கோ!"

அவர் போனார். அக்கா மீண்டும் நிரப்பச் சொன்னார். விரல் விசைக்குச் சரியாக எட்டாததால், ஒவ்வொரு முறையும் பின்சுத்தியலைப் பெருவிரலால் இழுத்து, விசையைக் கிட்டக் கொண்டுவந்தே சுட்டார். வெடி. வெடி. 'டிக்'. குழல் அசையவில்லை. திரும்ப நிரப்பச் சொன்னார். அப்போதும் அசையவில்லை. கிரேம் தலையை ஆட்டி, சிபாரிசு செய்கிறேன் என்றார்.

"இதுதான் எனக்கு," என்று அக்கா பாரமானதைத் தொட்டார்.

"வடிவில்லையேயப்பா," என்றார் அண்ணை.

"வடிவுக்கு நீங்கள் இருக்கிறியள்தானே!"

அனுமதி கிடைத்ததும் அதையே வாங்கினார். இப்போது டோறின் அக்கா பென்ரோஸிலிருந்து தள்ளி, பாபகூராவில் இருக்கிறார். களஞ்சிய வேலைக்கு ரயிலில் வருகிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் கழகத்தில் சுடுகிறார்.