சூசையப்பரின் நெருப்பில் நான் ஊற்றிய தண்ணீர்

பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் அம்மாவோடு கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்த காலம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. உங்களை இங்கே கூப்பிட எல்லாக் கடதாசியும் என்னிடம் இருந்தது, ஒன்றைத் தவிர. இத்தாலியில், சீசா என்ற பகுதியில் நான் இருந்த வீட்டின் சொந்தக்காரி, இந்தக் குடும்பம் என் வீட்டில் தங்கலாம் என்று கையெழுத்து வைத்துத் தர வேண்டும். அந்தச் சிஞ்ஞோரா, இங்கே அம்மாமாரை அப்படித்தான் கூப்பிடுவது, கீழ்வீட்டில்தான் இருந்தார்.

தை மாதம் நான் ஒரு பிழை விட்டேன். பொங்கலைக் காஸ் அடுப்பில் வைக்க மனம் வரவில்லை. வெளியில், சூரியனைப் பார்த்து, விறகு எரித்துத்தானே பொங்கிப் பழக்கம். பின்முற்றத்தில் மூன்று கல்லை வைத்து, சந்தையில் பொறுக்கிய பழப்பெட்டிகளை உடைத்து மூட்டினேன். பால் பொங்குவதற்கு முதல் புகை பொங்கிவிட்டது. கயிற்றில் காய்ந்த சிஞ்ஞோராவின் வெள்ளை விரிப்புகள் எல்லாம் கரி. முற்றத்தில் நெருப்பு மூட்டுவது இந்த நகரத்தில் தடை, இன்னொரு தரம் நெருப்பைக் கண்டால் வீட்டை விட்டு வெளியே போ என்று கத்தினார். கையெழுத்துக் கதையை நான் எடுக்கவே இல்லை.

பங்குனியில் ஒரு பின்னேரம் வேலையால் வருகிறேன், எங்கள் வாசலுக்கு முன்னால் தெருவில் ஆளுயரத்துக்கு எரிகிறது. பழைய கதவு, கட்டில்கால், அலுமாரிப் பலகை. ஆர் மூட்டினாலும் பழி என் தலையில்தானே? உள்ளே ஓடி, வாளியை நிரப்பி வந்து ஊற்றினேன். இன்னொரு வாளியும் ஊற்றினேன். பாதி நூர்ந்த பிறகுதான் சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தேன். எல்லோரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். பிறகு ஒன்றாகக் கத்தத் தொடங்கினார்கள்.

என்னோடு அறையில் இருந்த மன்னார்க்காரர், கத்தோலிக்க வேதக்காரர், தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

"ஐயோ தம்பி, என்ன வேலை பாத்தனீ? சூசையப்பரின்ரை நெருப்பையெல்லோ நூத்துப்போட்டாய்!"

"நெருப்பு மூட்டக்கூடாது எண்டெல்லோ சட்டம், அண்ணை?"

"ஓம், கூடாதுதான். ஆனா நாளைக்கு அந்தப் புனிதரின்ரை திருநாள். அதுக்கு முதல்நாள் எல்லாரும் தெருவிலை மூட்டுவினம்."

"அப்ப கூடுமோ, கூடாதோ?"

"எனக்கு விளங்கினா உனக்குச் சொல்லமாட்டனே? அங்கை பார், அந்தக் கதிரை ஆரின்ரை எண்டு. உன்ரை சிஞ்ஞோரான்ரை!"

ஜெர்மனிக்கு வேலைக்குப் போன மகன் திரும்பி வர வேண்டும் என்று நேர்ந்து, அவர் நெருப்பில் போட்ட கதிரையாம். அது அரைகுறையாகக் கருகி, நனைந்து கிடந்தது. சிஞ்ஞோரா என் முன்னால் வந்து நின்றார். எனக்குத் தெரிந்த இத்தாலியனை எல்லாம் கொட்டினேன்: நெருப்பு என்றால் வீடு இல்லை, வீடு இல்லை என்றால் கடதாசி இல்லை, கடதாசி இல்லை என்றால் என் பிள்ளைகள் இல்லை.

அவர் தீப்பெட்டியை என் கையில் வைத்து, கதிரையைக் காட்டினார்.

ஈர விறகு லேசில் பிடிக்குமா? குப்புறப் படுத்து ஊதினேன். மன்னார்க்காரர் காய்ந்த பலகையாகப் பார்த்துப் பொறுக்கித் தந்தார். கதிரை பிடித்து எரிந்ததும் சனம் கை தட்டியது. எனக்கோ தண்டனையா மரியாதையா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் காலை சிஞ்ஞோராவே என்னைக் கூப்பிட்டுக் கடதாசியைக் கேட்டார். கையெழுத்து வைத்தார். ஏன் வைக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"அப்படியென்றால் வருகிற தைக்கு முற்றத்தில் ஒரு சின்ன நெருப்பு..."

"தடை," என்றார். பேனை இன்னும் கையில் இருந்தது.

நான் கடதாசியை இழுத்து எடுத்துக்கொண்டு படியேறிவிட்டேன்.