மேலவீதிச் சந்தில் சிங்கப்பூர் ஆபீஸ்

சிலம்பரசன் எங்கள் அண்ணியின் தம்பி. சொந்த ஊர் திருப்பாதிரிப்புலியூர். அப்பா சுப்பராயலு அங்கே மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் அவன். சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் நான். அவன் மெக்கானிக்கல் படித்துவிட்டு சிங்கப்பூர் போனான். நான் எம்.எஸ்சி. முடித்துவிட்டு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்தேன். அதற்காகவே கடன் சொல்லி வீட்டுக்கு பிராட்பேண்ட் இணைப்பு வாங்கியிருந்தோம். அது எனக்கு ஒரு வேலையும் வாங்கித் தரவில்லை. ஆனால் 2011 தை மாதத்தில் சிலம்பரசனின் வேலையைத் தாங்கிப் பிடித்தது அதுதான்.

சிங்கப்பூரில் அவனுக்கு ஒரு சின்ன கம்பெனியில் வேலை. பெரிய கட்டடங்களுக்குள் ஏசி காற்று போகிற தகரக் குழாய்கள் எந்தச் சுவரைத் தாண்டி, எந்தத் தூணைச் சுற்றிப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து தர வேண்டும். முதலாளி ஒரு சீனப் பெண்மணி. மேடம் கோ என்று சொல்வான்.

என் அண்ணன் மகள் பொன்னிக்கு அப்போது மூன்றாம் வயது முடிகிற நேரம். எங்கள் பக்கம் காது குத்துவதை ஒற்றைப்படை வயதில்தான் செய்வார்கள். தாய்மாமனுக்கு விடுப்பு கிடைக்காமல் ஏற்கெனவே தள்ளிப்போன விசேஷம் அது. இந்தத் தையையும் விட்டால் ஐந்தாம் வயதுதான். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன். அண்ணி வெண்மதிக்கு உடன்பிறந்தவன் இவன் ஒருவன். மேடம் கோ இந்த முறையும் முடியாது என்றுவிட்டார். ஒரு ஓட்டல் கட்டடத்தின் வரைபடங்கள் அந்த மாதமே போயாக வேண்டுமாம்.

அந்தச் சமயத்தில் அவர்கள் ஆபீஸ் வேறு இடத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. அதுவரை எல்லோரும் அவரவர் அறையிலிருந்தே வேலை செய்யட்டும், காலையில் ஒருமுறை ஸ்கைப்பில் பேசிக்கொள்ளலாம் என்று மேடம் கோ சொல்லியிருந்தார். அறை என்றால் சிங்கப்பூரில் இருக்கிற அறை என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்? சிலம்பரசன் விமானம் ஏறிவிட்டான்.

வாசலில் அவனைப் பார்த்ததும் அண்ணி கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

“டேய் சிலம்பு! லீவு குடுத்துட்டாங்களாடா?”

“குடுக்கலக்கா.”

“அப்பறம் எப்டிடா வந்த?”

“வேலையையும் தூக்கினு வந்துட்டேன்” என்று தோளில் இருந்த லேப்டாப் பையைத் தட்டிக் காட்டினான்.

திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் இணைய இணைப்பு இல்லை. அதனால் விசேஷம் முடிகிறவரை எங்கள் வீட்டிலேயே தங்கினான். முதல் நாளே எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னான். “மேடத்துக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். வேலை போனா பர்மிட்டும் போயிடும். அப்பறம் நானும் மச்சானும் சேந்து இங்கயே அப்ளிகேஷன் போட வேண்டியதுதான்.”

மச்சான் என்றது என்னை. என் அம்மா பட்டம்மாள் அவனைத் தேற்றினாள். “போனா போவட்டும் போ. உனக்கு ஒரு பிடி சோறு போட மாட்டமா?”

“அத்தே, நீங்க சோறு போடுவீங்க. அப்பாவோட ஆட்டோவுக்கு யாரு டியூ கட்டுவா?”

அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள்.

சிங்கப்பூரில் ஒன்பது மணி என்றால் நமக்கு ஆறரை. அந்த நேரத்துக்கு எங்கள் சந்து முழுவதும் விழித்துக்கொண்டு கத்திக்கொண்டிருக்கும். முதல் நாள் பேச்சு நடக்கும்போதே மீன்கார ஆரோக்கியம்மாள் வாசலில் வந்து நின்று, “யம்மா, வஞ்சரம்மா, சங்கராம்மா!” என்று குரல் கொடுத்துவிட்டாள். மேடம் கோ என்ன சத்தம் என்று கேட்க, பக்கத்து அறையில் டிவி என்றான் இவன். “வால்யூம் ஜாஸ்தி வச்சிக்கிறாங்க மேடம்” என்று ஆங்கிலத்தில் வருத்தப்பட்டும் காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. இவ்வளவு இயல்பாக ஒரு பொய்யைச் சொல்ல இவன் எப்போது கற்றுக்கொண்டான்?

மறுநாளிலிருந்து அம்மா காவலுக்கு வந்துவிட்டாள். ஆறரைக்குச் சந்து முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பால்காரர் மணியைப் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளினார். கீரைக்காரி கிசுகிசுத்தாள். எதிர்வீட்டுக் காத்தவராயன் தன் சேவலை ஒரு கூடையில் போட்டு மூடி, மேலே சாக்கையும் போர்த்தினார். ஆரோக்கியம்மாள் சத்தமே இல்லாமல் வந்து ஒரு வஞ்சரத்தின் வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவாள். அம்மா விரலால் விலை கேட்பாள். ஆரோக்கியம்மாள் விரலால் சொல்வாள். அம்மா நெஞ்சில் கை வைத்து அதிர்ச்சி அடைவாள். இத்தனையும் ஊமையாக நடக்கும். அதுவரை ஒருநாளும் சண்டை போடாமல் மீன் வியாபாரம் முடிக்காதவர்கள் இரண்டு பேரும் அந்த வாரம் சிரித்துக்கொண்டே முடித்தார்கள்.

“பேசி முடிச்சிட்டாங்களா சிங்கப்பூரு?” என்று கேட்டுவிட்டுத்தான் சந்தில் குழாயடிப் பேச்சே தொடங்கும்.

என் அண்ணன் செம்பியனுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அவர் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமை வந்தவர் சாப்பிடும்போது கேட்டார்.

“ஏன்டா மாப்ள, ஆலை கேட்டுக்குள்ள போனாதான வேலை? நீ கேட்டையே ஏமாத்துறியே.”

“மாமா, உங்களுக்கு ஆலை அங்க இருக்குது. எனக்கு ஆலை இதுக்குள்ள இருக்குது. படம் கரெக்டா போவுதா இல்லியா, அதான கணக்கு?”

“அப்ப சொல்லிட்டு வர வேண்டியதுதான?”

“சொன்னா விட மாட்டாங்க மாமா.”

“அதான் சொல்றேன்.”

யார் பக்கம் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் உண்மையிலேயே வேலை செய்தான். சிங்கப்பூரில் எட்டு மணி நேரம் என்றால் இங்கே பத்து மணி நேரம் உட்கார்ந்தான், ஒரு குழாயைக்கூடக் கோணலாக விடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாள் காலையும் அவன் பேச்சு ஒரு பொய்யில்தான் தொடங்கியது. வேலை சரியாக இருந்தால் பொய் கழிந்துவிடுமா? வேலையே பார்த்திராத நான் இதற்கு என்ன தீர்ப்புச் சொல்வது?

கரண்ட் கட் வேறு இருந்தது. மதியம் போனால் இரண்டு மூன்று மணி நேரம் வராது. தெற்குவீதியில் என் நண்பன் அய்யனார் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தான். அங்கே ஜெனரேட்டர் உண்டு. கரண்ட் போனதும் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் வண்டியின் பின்னால் சிலம்பரசன் ஏறிக்கொள்வான். கல்யாண பேனர்களுக்கும் கண்ணீர் அஞ்சலி பேனர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து அந்த ஓட்டலின் ஏழாவது மாடியை வரைவான். அய்யனாருக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

“மாமா, சிங்கப்பூர் ஓட்டலு என் கடையில ரெடியாவுதுன்னு சொல்லிக்கவா?”

“யோவ், யாரு கிட்டயும் வாயத் தொறக்காத. என் பொழப்பு போயிடும்.”

“சத்தியமா சொல்ல மாட்டேன் மாமா. இந்த வாயிலேருந்து ஒரு வார்த்தை வராது.”

வியாழக்கிழமை தில்லைக்காளி கோயிலில் காதுகுத்து. அதற்கு முன்னால் புதிதாக ஒரு சிக்கல் வந்தது. தாய்மாமன் சீர்வரிசையோடு வர வேண்டும், நாங்கள் எதிர்கொண்டு போய் அழைக்க வேண்டும். ஆனால் தாய்மாமன்தான் ஒரு வாரமாக எங்கள் வீட்டு அறையில் பனியனோடு உட்கார்ந்திருக்கிறானே!

“வூட்டுக்குள்ளயே இருக்கறவன எங்கேந்துடா அழைக்கிறது? அடுப்பங்கரையிலேருந்தா?” என்றாள் அம்மா.

புதன்கிழமை கடைசி வரைபடத்தை அனுப்பிவிட்டு, மறுநாள் வயிறு சரியில்லை, காலைப் பேச்சுக்கு வர முடியாது என்று எழுதிவிட்டு, சிலம்பரசன் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஏறினான். எங்களிடமிருந்து கிளம்பிப் போய், எங்களிடமே விருந்தாளியாகத் திரும்பி வர.

காலையில் வேன் மேலவீதி முனையில் வந்து நின்றது. மேளம் தயாராக இருந்தது. அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். பட்டுவேட்டியில் சிலம்பரசன், தட்டு தட்டாகப் பழம், பட்டுப்பாவாடை, தோடு. இறங்கியவன் நிமிர்ந்து பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

வீதியின் ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டு ஒரு ஃபிளெக்ஸ் நின்றது. அதில் யாருடைய கோட்டிலோ ஒட்டிய சிலம்பரசனின் தலை. கறுப்புக் கண்ணாடி. தலைக்கு மேல் ஒரு விமானம். இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு புலி. ‘சிங்கப்பூரிலிருந்து பறந்து வந்த எங்கள் தாய்மாமனே, வருக! வருக!’ கீழே தேதி, இடம், நேரம். அதற்கும் கீழே கைகூப்பியபடி அய்யனார், அவன் கூட்டாளிகள். என்னைக் கேட்காமலே என் படமும் இருந்தது.

“எப்டி மாமா?” என்று ஓடி வந்தான் அய்யனார். “ஒரு வார்த்தை வெளிய சொல்லல பாத்தியா? ராத்திரியோட ராத்திரியா கட்டினோம்.”

சிலம்பரசன் மெதுவாகத்தான் சிரிக்கத் தொடங்கினான். “ஏன்டா, பதினைஞ்சடிக்குக் கட்டிட்டு சொல்லலன்றியே! சரி வுடு. மேலவீதியில கட்டுனது மேடத்துக்கா தெரியப்போவுது?”

“தெரியாமப் போவுமா? பேஸ்புக்லயும் போட்டுட்டேன். உன் பேரையும் சேத்து டேக் பண்ணிட்டேன்!”

மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டது. சிலம்பரசன் என் கையிலிருந்த போனைப் பிடுங்கிப் பார்த்தான். அவனோடு வேலை செய்கிற பிலிப்பைன்ஸ்காரன் ரோலாண்டோ அதற்கு ஏற்கெனவே லைக் போட்டிருந்தான். மேடம் கோவும் சிலம்பரசனுக்கு அங்கே நட்புதான்.

கோயிலில் பொன்னிக்கு மொட்டை போட்டு, தலையில் சந்தனம் தடவி, மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். குழந்தை ஒரு வாழைப்பழத்தை அவன் பட்டுச்சட்டையில் தேய்த்துக்கொண்டிருந்தது. பத்தர் ஊசியை எடுத்தார். அப்போது சிலம்பரசனின் சிங்கப்பூர் நம்பர் அடித்தது. திரையைப் பார்த்ததுமே யார் என்று அவன் முகம் சொல்லிவிட்டது.

“எடுக்காதடா” என்றாள் அண்ணி. “அப்பறமா பேசிக்கலாம். படுத்துனு இருந்தேன்னு சொல்லு.”

“அதான் வயித்து வலின்னு எழுதியாச்சே” என்றார் சுப்பராயலு.

பத்தர் அவசரப்பட்டார். “நேரம் போவுதுங்க.”

சிலம்பரசன் ஒரு நொடி செம்பியன் அண்ணனைப் பார்த்தான். அவன் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தான். குழந்தையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

எங்கே இருக்கிறாய் என்று கேட்டார் மேடம் கோ.

“இந்தியாவில், மேடம். சிதம்பரத்தில். போன வாரத்திலிருந்தே இங்கேதான் இருக்கிறேன். என் அக்கா மகளுக்குக் காது குத்துகிறார்கள். என் மடியில்தான் இருக்கிறாள்.”

பத்தர் மேடம் கோவின் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. குத்திவிட்டார். பொன்னி போட்ட அலறலில் கோயில் புறாக்கள் கிளம்பின. அண்ணி அழுதாள், அம்மா சிரித்தாள், மேளக்காரர் தன் பங்குக்கு ஓங்கி அடித்தார். அத்தனைக்கும் நடுவில் போனிலிருந்து குரல் வந்தது.

“முடிந்துவிட்டதா?”

“இல்லை மேடம். இன்னொரு காது இருக்கிறது.”

“முடித்துவிட்டுக் கூப்பிடு.”

இரண்டாவது காதும் ஆனபிறகு, சட்டையில் வாழைப்பழத்தோடு மதிலோரம் போய் அவன் கூப்பிட்டான். நாங்கள் யாரும் இலையில் உட்காரவில்லை. அவன் பேசியது குறைவு, தலையாட்டியது அதிகம். திரும்பி வந்தவனை எல்லோரும் சூழ்ந்துகொண்டோம்.

அந்த ஓட்டல்காரர்கள் வரைபடங்கள் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்களாம். எங்கே வரைந்தீர்கள் என்று நாளைக்கு அவர்கள் கேட்டால், உனக்காக நான் பொய் சொல்ல வேண்டுமா என்று மேடம் கோ கேட்டிருக்கிறார். இவன் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். அவர்களிடம் அவரே உண்மையைச் சொல்லிவிடுவாராம். திங்கட்கிழமை இவன் புது ஆபீசில் இருக்க வேண்டும். எழுத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. இங்கே இருந்த நாள் அத்தனையும் சம்பளமில்லாத விடுப்பு.

“அப்ப வேலை?” என்றார் சுப்பராயலு.

“இருக்குதுப்பா.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

செம்பியன் அண்ணன்தான் குதித்தார். “வேலையும் வாங்கிக்கினு லீவுன்னு கழிச்சா என்னடா நியாயம்? ராப்பகலா வரைஞ்சியேடா!”

“மாமா, நீங்கதான கேட்டுன்னு சொன்னீங்க?”

“அது வேற, இது வேற!”

“வுடுங்க மாமா. லீவு கேட்டேன், குடுத்துட்டாங்க. அவ்ளோதான்” என்றான் சிலம்பரசன். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தான். “கடைசியா ஒண்ணு கேட்டாங்க. அந்தப் புலி எங்க குடும்பப் புலியான்னு.”

அன்று அவன் சாப்பிட்டதைப் போல் யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சாம்பாரை இரண்டு முறை, பாயசத்தை இலையிலேயே வாங்கி. பிறகு எங்கள் வீட்டுக் கூடத்தில் மொட்டைத் தலைக் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு தூங்கினான். வந்த நாளிலிருந்து பகலில் அவன் கண் மூடியது அன்றுதான். காத்தவராயன் சேவலைத் திறந்துவிட்டிருந்தார். அது கூவியது, ஆரோக்கியம்மாளும் அம்மாவும் ஒரு வாரத்துச் சண்டையைச் சேர்த்துப் போட்டார்கள், அவன் அசையவில்லை.

அவன் செய்தது சரியா என்று இன்னும் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். மேடம் கோ சொன்ன நியாயம் எனக்குப் புரிகிறது. பொன்னியின் அலறலுக்கு நடுவே அவன் உண்மையைச் சொன்ன குரலும் காதில் இருக்கிறது. நான் அந்த இடத்தில் இருந்தால் போனை எடுத்திருப்பேனா என்பதைத்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இந்த 2012 ஆவணியில் அண்ணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே சிலம்பரசனுக்குச் சொன்னேன். எடை கேட்டான், அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். பிறகு, “மச்சான், காது எந்த மாசம்னு அத்தைய இப்பவே சொல்லச் சொல்லு” என்றான். அம்மா தோராயமாக ஒரு மாதத்தைச் சொன்னாள். அன்று மாலையே மேடம் கோவிடம் அடுத்த வருடத்துக்கான விடுப்பைக் கேட்டுவிட்டான். இவ்வளவு முன்கூட்டியே யாரும் தன்னிடம் விடுப்புக் கேட்டதில்லை என்றாராம் அவர். குழந்தையின் பெயர் என்ன என்றும் கேட்டாராம்.

இன்னும் வைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறான்.