இருபத்தெட்டுச் சுற்று

சினேகா இதைச் சொல்லும்போது முதலில் தேதியையும் நேரத்தையும்தான் சொல்வாள். போன ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்று பதினேழு. இருட்டில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்வாள். பக்கத்தில் அவள் கணவன் வளவனும் இருந்தான். இருவரும் தனித்தனியாகச் சொன்னாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

அவர்கள் வீடு திருவண்ணாமலை அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. சினேகா செங்கம் ரோட்டில் ஒரு பல் மருத்துவமனையில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறாள். வளவன் வீடு வீடாகப் போய் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் சர்வீஸ் செய்பவன். ஆறு மாதத்துக்கு முன் இருவரும் சேர்ந்து ஒரு பழைய கேரவன் வண்டி வாங்கினார்கள். உள்ளே இரண்டு படுக்கை, ஏசி, சின்ன அடுப்பு. ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் நான்கு நாள், ஐந்து நாள் என்று வாடகைக்கு எடுப்பார்கள். வண்டியை ஏதாவது கெஸ்ட் ஹவுஸ் வாசலில் நிறுத்தி, அங்கிருந்து கேபிள் போட்டுக் கரண்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். வாடகை இல்லாத நாட்களில் வண்டி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கும்.

அந்தக் கேபிள்தான் விஷயம்.

கட்டைவிரல் தடிமன். கறுப்பு ரப்பர். இருபத்தைந்து மீட்டர் நீளம், பதினெட்டு கிலோ எடை. வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள், பின்பக்க அடிப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது. வளவன் முதலில் அதை மோட்டார் ஒயர் சுற்றுவது போல முழங்கையில் சுற்றப் பார்த்தான். எலக்ட்ரீஷியன் சக்திவேல் திட்டினான்.

"அண்ணா, இத இப்பிடி இறுக்கிச் சுத்துனா உள்ள செம்பு முறுக்கிக்கிட்டு ஒடைஞ்சிடும். பெரிய வளையமா வுடணும். ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, மாத்தி மாத்தி. அது எப்பிடி வளையுதோ அப்பிடியே வுட்டுடுங்க. சுருட்டி வெச்சபடியே கரண்ட் மட்டும் குடுத்துடாதீங்க. சூடேறி உருகிடும்."

சினேகா அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து கேபிள் அவள் பொறுப்பு. வண்டி வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, பெரிய வளையமாகச் சுற்றுவாள். சரியாகப் பன்னிரண்டு சுற்று வரும். பழைய பச்சைப் புடவையைக் கிழித்து மூன்று இடத்தில் கட்டி, சுவரில் இருக்கும் இரண்டு மரக்கட்டைகளில் மாட்டிவிடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கு இரண்டு வாரம் முன், ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் மாட்டினாள்.

மருத்துவமனைக்கு மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை இடைவேளை. திங்கட்கிழமை ஒன்றே முக்காலுக்குச் சாப்பிட வீட்டுக்கு வந்தவள், காயப்போட்ட துணி எடுக்கக் கொட்டகைக்குள் போனாள். கேபிள் வேறு மாதிரி இருந்தது. சின்னச் சின்ன வளையம். முழங்கையில் சுற்றியது போல. எண்ணிப் பார்த்தாள். இருபத்தெட்டு.

மூன்று பச்சைத் துணிகளும் மடித்து ஸ்டூல் மேல் வைக்கப்பட்டிருந்தன.

கேபிளைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. தகரத்துச் சூடு என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் தொங்கிய தண்ணீர்க் குழாயையும் தொட்டாள். அது சூடாக இல்லை.

யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவிழ்த்துத் திரும்பச் சுற்றி மாட்டினாள்.

புதன்கிழமை மறுபடியும் இருபத்தெட்டு. மறுபடியும் சூடு. இந்தத் தடவை வண்டிக் கதவைத் திறந்து பார்த்தாள். உள்ளே சில்லென்று இருந்தது. இப்போதுதான் யாரோ ஏசியை நிறுத்தியது போல. பின்படுக்கையில் தலையணை நடுவில் ஒரு குழி.

கதவைச் சாத்தினாள். பிறகு வளவனுக்குப் போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"கீழ்பென்னாத்தூர்ல. சர்வீஸ்ல இருக்கேன். ஏன்?"

"சும்மாதான்."

அவன் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. பஸ் ஹாரன் திருவண்ணாமலையிலும்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டே போனை வைத்தாள்.

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவனை அவள் சந்தேகப்பட்டதில்லை. இப்போது அவன் சட்டையை ஊறவைக்கும் முன் முகர்ந்து பார்த்தாள். அவன் குளிக்கப் போகும்போது போனை எடுத்துப் பார்த்தாள். மதியம் ஒவ்வொரு நாளும் வந்ததும், செருப்பைக் கழற்றாமல் நேராகக் கொட்டகைக்குப் போய்க் கேபிளைத் தொட்டாள். சூடு இருந்தால் யாரோ ஏசி போட்டிருக்கிறார்கள். யாரோ என்றால், சாவி அவர்கள் இருவரிடம்தான் இருக்கிறது. தொட்டுப் பார்ப்பதை அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை கொட்டகைக்குப் புதுப் பூட்டு போட்டாள். ஒரே சாவி. கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மதியம் ஒன்று நாற்பது. பூட்டு அப்படியே இருந்தது. திறந்தாள்.

இருபத்தெட்டு.

பூட்டைச் சாவி இல்லாமல் திறக்கவும் அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து, வண்டிக்கு யாரைக் கூட்டி வருகிறான் என்று அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் கேட்டுவிட்டாள். வளவன் தட்டைத் தள்ளிவைத்தான்.

"நானே கேக்கணும்னு இருந்தேன். நீ மத்தியானத்துல யாருக்கு வண்டியத் தொறந்து வுடற?"

"இன்னா சொல்றீங்க?"

"நேத்து வண்டியத் தொடைக்கலாம்னு போனேன். கதவு உள்ள தாப்பா போட்டிருந்துது. தட்டுனேன். கொஞ்ச நேரம் கழிச்சு தாப்பா தெறக்கிற சத்தம் கேட்டுது. உள்ள போயிப் பாத்தா யாரும் இல்ல. வண்டி ஜன்னல் வழியா போயிருப்பான்."

"யாரு?"

"அத நீதான் சொல்லணும்."

அதன் பிறகு இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். சினேகா பையில் நான்கு புடவையை எடுத்து வைத்தாள். கீழ்பென்னாத்தூரில் அவள் அம்மா வீடு இருக்கிறது. திங்கட்கிழமை மாலை அவள் பையைத் தூக்கும்போது, வளவன் போனை நீட்டிக் காட்டினான். மறுநாள் பராமரிப்புப் பணி, காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை மின்தடை என்று மெசேஜ் வந்திருந்தது.

"நாளைக்கு ஊருக்கே கரண்ட் இல்ல. எவன் வந்தாலும் ஏசி போட முடியாது. நீயும் லீவு போடு, நானும் போடறேன். ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து பாப்போம். அதுக்கப்புறம் போறதுன்னா போ."

சினேகா பையைக் கீழே வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது ஐந்துக்குக் கரண்ட் போனது. கேபிளைச் சினேகாவே பன்னிரண்டு சுற்றாகச் சுற்றி, மூன்று துணியையும் இரட்டை முடிச்சாகப் போட்டு மாட்டினாள். வளவன் பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டகையைப் பூட்டி, சாவியை அவள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். இருவரும் சமையலறைப் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அங்கிருந்து கொட்டகைக் கதவு நேராகத் தெரியும்.

பத்து மணி. பதினொன்று. யாரும் வரவில்லை.

ஒன்று பத்துக்குத் தயிர்சாதம் சாப்பிட்டார்கள். அவன் ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். அதுவரை அவர்கள் பேசியது அவ்வளவுதான்.

இரண்டரைக்கு வளவன் லேசாகக் கண்ணயர்ந்தான். சினேகா தூங்கவில்லை. பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று பதினேழு.

சர்ர்ர்ர்…

சிமெண்டுத் தரையில் ரப்பர் உரசும் சத்தம். கொட்டகைக்குள்ளிருந்து.

வளவன் நிமிர்ந்தான். அவனுக்கும் கேட்டிருந்தது.

சர்ர்ர்… நின்றது. மறுபடியும், சர்ர்ர்ர்…

பிறகு, ம்ம்ம்ம்ம்…

அது ஏசி சத்தம். வண்டி கூரையில் இருக்கும் ஏசி. ஆறு மாதமாகக் கேட்டுப் பழகிய சத்தம்.

வளவன் எழுந்து சமையலறை சுவிட்சைப் போட்டுப் பார்த்தான். லைட் எரியவில்லை. தெருவில் ஒரு வீட்டிலும் ஃபேன் ஓடவில்லை.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீ இல்லை. நானும் இல்லை. அந்த ஒரு நொடி சினேகாவுக்கு நிம்மதியாகக்கூட இருந்ததாம். அடுத்த நொடி, அப்படியென்றால் உள்ளே யார் என்று தோன்றியது.

கொட்டகை வரை போனார்கள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. வளவன் அவளிடமிருந்து சாவியை வாங்கித் திறந்தான்.

மரக்கட்டையில் கேபிள் இல்லை.

தரையில் நீளமாகக் கிடந்தது. ஒரு முனை சுவரில் இருக்கும் பெரிய பிளக் பாயிண்டில் செருகியிருந்தது. அங்கிருந்து வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் மறைந்தது. வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"யார்றா அது?" என்றான் வளவன்.

அவன் சுவரோரம் போய்ப் பிளக்கைப் பிடுங்கினான்.

ம்ம்ம்ம்ம்…

நிற்கவில்லை.

பிடுங்கிய முனை அவன் கையில் இருந்தது. கரண்டே இல்லாத ஊரில், எதிலும் செருகாத கேபிள். அது சுடுகிறது என்றான்.

அப்போதுதான் கேபிள் நகர்ந்தது.

ஒரு இழுப்பு.

நின்றது.

இன்னொரு இழுப்பு.

வண்டிக்குப் பின்னால் யாரோ நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவசரமே இல்லை. ஒரு முழங்கை அளவு… பிறகு ஒரு நிறுத்தம். ஒரு முழங்கை அளவு… பிறகு ஒரு நிறுத்தம்.

சினேகா தன்னையறியாமல் எண்ணத் தொடங்கினாள்.

பத்து.

பதினைந்து.

தரையில் தளர்வாகக் கிடந்ததெல்லாம் தீர்ந்து கேபிள் விறைத்தது. வளவனின் கை முன்னால் இழுபட்டது.

"வுடுங்க… வுட்டுடுங்க!"

விட்டான்.

பிளக் தரையில் டக் என்று விழுந்தது. சர்ர்ர்… நின்றது. சர்ர்ர்… நின்றது.

இருபத்தைந்து.

பிளக் வண்டியின் பின்சக்கரத்தைத் தாண்டியது.

இருபத்தேழு.

மறைந்தது.

இருபத்தெட்டு.

ஏசி நின்றது.

மூன்று இருபத்தாறு. சினேகா போனில் பார்த்தாள். வளவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் சேர்ந்து வண்டியைச் சுற்றி வந்தார்கள்.

பின்னால் யாரும் இல்லை. கொட்டகைக்கு அந்தப் பக்கம் ஜன்னலோ கதவோ கிடையாது. வெறும் தகரச் சுவர். கேபிள் இறுக்கமாகச் சுற்றி, தரையில் கிடந்தது. அதன் மேல் மூன்று பச்சைத் துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

வண்டியில் கேபிள் செருகும் இடத்தை வளவன் பார்த்தான். அதன் மூடி மூடியபடியே இருந்தது.

நான்கு ஐந்துக்குக் கரண்ட் வந்தது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் டிவி சத்தம் கேட்க ஆரம்பித்தது. சினேகா பையிலிருந்த நான்கு புடவையையும் எடுத்து அலமாரியில் வைத்தாள். வளவன் மன்னிப்பு கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் அன்று அவள் பாத்ரூம் போனபோதுகூட அவன் வெளியே நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் காலை, வண்டியை விற்றுக்கொடுத்த வேலூர் புரோக்கர் ஆதிமூலத்துக்குப் போன் செய்தார்கள். ஸ்பீக்கரில் போட்டுச் சினேகாதான் பேசினாள்.

"இதுக்கு முன்னாடி வண்டி யாருதுங்க?"

"ஏம்மா, எதுனா பிரச்சினையா?"

"சொல்லுங்க."

"ஒரு பாண்டிச்சேரிக்காரர்துமா. அவரு வீட்டம்மா தவறிட்டாங்க. அதான் வித்துட்டாரு. வண்டிக்குள்ள இல்லம்மா, வெளிலதான். கேபிளச் சுத்தறப்ப கரண்ட் அடிச்சிடுச்சி. ஒரு எடத்துல தோல் உரிஞ்சிருந்துதாம். தானா உரிஞ்சிதா, யார்னா உரிச்சாங்களானு போலீஸ்லாம் வந்து கேட்டாங்க. ஒண்ணும் தெரியல."

"எப்போ நடந்துது? எத்தினி மணிக்கு?"

"மத்தியானம்தான். மூணு, மூணரை இருக்கும்."

சினேகாவுக்கு அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தது. கேட்டாள்.

"அவங்க ஏன் கேபிளச் சுத்தனாங்க?"

"அத ஏம்மா கேக்கற? புருஷன் வண்டில யாரையோ கூட்டாந்து வெச்சிருக்காருன்னு சந்தேகம். தெனம் மத்தியானம் வந்து கேபிளத் தொட்டுத் தொட்டுப் பாப்பாங்களாம். சூடு இருந்தா உள்ள ஏசி ஓடியிருக்குதுன்னு அர்த்தமில்ல? அப்புறம் முழங்கையில சுத்தி மாட்டிட்டுப் போயிடுவாங்களாம். தான் வந்துட்டுப் போனது புருஷனுக்குத் தெரியட்டும்னு."

வளவனுக்குக் கோபம் வந்துவிட்டது. போனைப் பிடுங்கினான்.

"இன்னா சார் நீங்க? ஒரு உசுர எடுத்த கேபிள, அதையே எங்க தலையில கட்டியிருக்கீங்க?"

"எந்தக் கேபிளு தம்பி?"

"வண்டியோட குடுத்தீங்களே!"

"நான் எங்க குடுத்தேன்? பெட்டி காலியாத்தான இருந்துது. நீங்க புதுசு வாங்கியிருப்பீங்கன்னு நெனச்சேன்." ஆதிமூலம் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கேபிளு எப்பிடி தம்பி இருக்கும்? அந்தம்மா கைய வுட்டுக் கழட்டவே வரல. துண்டு துண்டா வெட்டித்தான் எடுத்தாங்க. அன்னிக்கு வேற வேலையா அங்க போயிருந்தேன், பக்கத்துல நின்னு பாத்தேன்."

அன்று சாயங்காலம் சக்திவேலை வரவழைத்தார்கள். அவனிடம் எதுவும் சொல்லவில்லை. அவன் கேபிளை வாசலில் முழுசாக நீட்டிப் போட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் தடவிக்கொண்டே நடந்தான்.

இருபத்தைந்து மீட்டர். ஒரு ஒட்டு இல்லை. ஒரு வெட்டு இல்லை.