அக்கா வீட்டு வெள்ளை

என் கணவரின் அண்ணி பல்லடம் ரோட்டில் புது வீடு கட்டிக் குடிபோன பிறகுதான் எங்கள் வீட்டுச் சமையலறை இருட்டு என்று எனக்குத் தெரிந்தது. அதுவரை அதில்தான் வருடக்கணக்காகச் சமைத்துக்கொண்டிருந்தேன். கறுப்புக் கடப்பாக்கல் மேடை. சின்ன ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்துப் பனியன் கம்பெனியின் சுவர். பகலிலும் டியூப்லைட் போட்டுத்தான் அரிசி களைய வேண்டும். அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

அண்ணியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவின் சமையலறை முழுக்க வெள்ளை. மேடையும் சுவர் டைல்ஸும் அலமாரிக் கதவுகளும் வெள்ளை. இழுப்பறையை லேசாகத் தள்ளினால் மீதித் தூரம் தானே போய் மூடிக்கொள்ளும். கிரகப்பிரவேசத்துக்கு வந்த பெண்கள் பூஜை அறையைவிட அங்கேதான் அதிக நேரம் நின்றார்கள். நானும் நின்றேன். ரொம்ப நல்லா இருக்குதுங்க்கா என்று சொன்னேன். சொன்னது சரியாக வந்ததா, முகத்தில் ஏதாவது தெரிந்திருக்குமா என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

அதோடு நின்றிருந்தால் கொஞ்ச நாளில் ஆறியிருக்கும். ஆனால் என் மகள் அந்தச் சமையலறையில் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

அவளுக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை. என்னிடம் சாப்பிடவே மாட்டாள். ஒரு வாய் வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, விழுங்காமல் என்னையே பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் டாக்டர் எடை பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஏறணும்மா என்பார். குழந்தை வளர்ப்புப் புத்தகங்கள் வாங்கிப் படித்தேன். அதில் போட்டிருந்தபடி பருப்பையும் கேரட்டையும் மசித்துக் கொடுத்தேன். புத்தகத்தில் வருகிற குழந்தை மாதிரி அவள் இருக்கவில்லை.

அக்காவின் மகன் நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் அங்கே போவோம். அக்கா என் மகளைத் தூக்கி அந்த வெள்ளை மேடையில் உட்காரவைத்து, கையில் ஒரு கரண்டியைக் கொடுத்துவிட்டு, சாதாரண ரசம் சோறு பிசைந்து ஊட்டுவார். அவள் வாயைத் திறந்து திறந்து வாங்குவாள்.

"ஏங் கண்ணு, புள்ள நல்லாத்தான சாப்புடறா? நீ என்னமோ சாப்புடறதே இல்லீங்குற?"

நான் சிரித்து வைத்தேன். வண்டியில் திரும்பும்போது கணவர் ஏதோ கேட்டார். காற்றில் கேட்காதது போல் இருந்துகொண்டேன்.

அந்த இடம்தான் காரணம் என்று முடிவு செய்தேன். வெளிச்சம், சுத்தம், பளிச்சென்ற நிறம். குழந்தைக்குப் பிடிக்கத்தானே செய்யும்? அக்காவின் கையில் இருக்கிறது என்று நம்புவதைவிடச் சமையலறையில் இருக்கிறது என்று நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. சமையலறையை நானும் கட்டிக்கொள்ளலாம்.

கணவர் வேலம்பாளையத்தில் சின்னதாகத் தையல் யூனிட் நடத்திக்கொண்டிருந்தார். நம் சமையலுக்கு வெள்ளை தாங்காது, மஞ்சள் தூள் பட்டால் போகாது என்றார். அக்கா வீட்டில் தாங்குகிறதே என்றேன். எதைச் சொன்னாலும் அதையே சொன்னேன். கடைசியில் வெளிநாட்டுக்குப் போகும் கிறிஸ்துமஸ் ஆர்டர் போனதும் செய்துகொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார்.

தச்சர் மைக்கா கேட்லாக்கைக் கொண்டுவந்து விரித்தபோது வெள்ளை மட்டுமே இரண்டு பக்கத்துக்கு இருந்தது. வெள்ளை என்பது ஒரே நிறம் இல்லை என்று திருப்பூரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீலம் ஓடிய வெள்ளை, பால் வெள்ளை, பழுப்பேறின வெள்ளை என்று ஷேடு மாறி ஆர்டரே திரும்பி வருகிற ஊர். எனக்கு வேண்டியது அக்கா வீட்டு வெள்ளை. அதனால் யூனிட்டில் வெட்டி மிஞ்சிக் கிடக்கும் வெள்ளைத் துணித் துண்டுகளில் ஒவ்வொரு ஷேடிலும் ஒன்று கொண்டுவரச் சொன்னேன்.

"ஆர்டர் குடுக்கற பையரே இவ்வளவு பாக்க மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே கணவர் கொண்டுவந்தார்.

அடுத்த ஞாயிறு, மகளின் மாற்றுத்துணிப் பையில் அவற்றை மறைத்து எடுத்துப் போனேன். அக்கா காயப்போட்ட துணி எடுக்க மாடிக்குப் போனதும் ஒவ்வொரு துண்டாக அலமாரிக் கதவில் வைத்துப் பார்த்தேன். முதலில் லைட்டில், பிறகு ஜன்னலைத் திறந்து வெயிலில். ஒரு துண்டு கதவோடு கதவாகக் காணாமல் போனது. அதை அழுத்திப் பிடித்திருந்தபோது அக்கா வந்துவிட்டார்.

"தொடைக்கறயா கண்ணு? பரவால்ல உடு, வேலைக்காரப் புள்ள வரும்."

நான் உண்மையாகவே அந்தக் கதவைத் துடைத்துவிட்டேன்.

தை பிறந்ததும் வேலை முடிந்தது. தானே மூடிக்கொள்ளும் இழுப்பறை மட்டும் இல்லை. மற்றபடி அதே வெள்ளை. அன்றே மகளை மேடையில் உட்காரவைத்து, கையில் கரண்டி கொடுத்து, ரசம் சோறு பிசைந்தேன். ஒரு பருக்கை விழுந்தால் துடைத்தேன். ஒரு சொட்டு தெறித்தால் துடைத்தேன். அவள் என் கையைப் பார்க்கவில்லை. துணி போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டி ரசத்தில் விழுந்து மேடையெல்லாம் தெறித்தபோது என் குரல் உயர்ந்துவிட்டது. கீழே இறக்கிவிட்டதும் அவள் சோற்றைக் கன்னத்தில் வைத்தபடியே போய்விட்டாள்.

அந்த வாரக் கடைசியில் சமையலறையைப் பார்க்க அக்கா வந்தார். சுற்றிப் பார்த்தார். ஓர் இழுப்பறையை இழுத்து மூடினார்.

"நம்ம ஊட்டுச் சமையக்கட்டு மாதிரியே இருக்குது" என்றார்.

பாராட்டா, குத்தலா என்று எனக்குப் பிடிபடவில்லை. அதற்குள் மகள் அக்காவைப் பார்த்துக் கைகளைத் தூக்கினாள். அக்கா அவளை மேடையில் ஏற்றி, நான் சோறு பிசைந்து வைத்திருந்த தட்டை எடுத்துக்கொண்டார். நான் வைத்த ரசம், என் தட்டு, நான் துண்டு வைத்துத் தேடிய வெள்ளை. மகள் வாயைத் திறந்தாள். விழுங்கினாள். மறுபடி திறந்தாள். சோறு மேடையில் சிந்திக்கொண்டே இருந்தது. அக்கா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"தட்டைக் குடுங்க்கா. நான் ஊட்டி உடறேன்."

"பாதில எதுக்குக் கண்ணு கை மாத்தற? நானே முடிச்சுடறேன்."

"குடுங்க்கா."

தட்டைப் பிடித்தேன். அக்கா உடனே விடவில்லை. இரண்டு பேர் கையும் தட்டில் இருந்தன. எல்லாம் வாய்த்தவர் என்று நான் நினைத்திருந்தவரின் முகத்தில் அப்போது தெரிந்தது, கிரகப்பிரவேசத்தன்று என் முகத்தில் தெரிந்துவிடுமோ என்று நான் பயந்த அதே பொறாமைதான். பிறகு விட்டார்.

நான் ஊட்டிய வாயை மகள் கன்னத்தில் அடக்கினாள். என்னைப் பார்த்தாள். மேடையில் மஞ்சளாக ரசம் பரவி, கதவில் வழிந்து இறங்கியது. இறங்கட்டும் என்று நின்றேன். வெகுநேரம் கழித்து விழுங்கினாள்.

அக்கா சிங்க்கில் கை கழுவிக்கொண்டே இருந்தார். எச்சில் கைக்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை.

"சாமி, அம்மாகிட்ட நல்லாச் சாப்புடோணும்" என்றார், திரும்பாமல்.

அந்தக் குரல் இறங்கியிருந்தது எனக்குப் பிடித்தது. கை துடைக்கத் துண்டு எங்கே என்று தேடினார். எந்தக் கதவுக்குப் பின்னால் என்று நான் சொல்லவில்லை. அடுத்த வாயை உருட்டிக்கொண்டிருந்தேன்.