வெல்வெட் கோட்டில் நின்ற முருகேசண்ணன்

"முருகேசண்ணன் போயிட்டாருடா." ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனின் அறைத்தோழன் செல்வம் போனில் அழுதபோது, அண்ணனின் சிவப்புக் கோட்டுதான் என் மேசையில் கிடந்தது. முந்தின நாள் மதியம் ஓட்டல் வாசலில் மயங்கி விழுந்தவரிடமிருந்து அவசரமாகப் பிடுங்கிக் கழற்றியது. அதில் அறுந்துபோன பொத்தானைத் தைக்க அனுப்பியிருந்தார்கள். ஆள் பிழைப்பாரா என்று தெரியுமுன்பே!

துபாய்ப் பக்கத்து ராஸ் அல் கைமாவில் அந்த ஓட்டலுக்கு யூனிபார்ம் தைக்கும் டெய்லர் நான். பெரம்பலூர் பக்கத்து முருகேசண்ணன் அங்கே டோர்மேன். லாபியில் பெரிய ஓவிய நகல் ஒன்று உண்டு. கீழ்த்திசைச் சுல்தானின் தர்பார்: முத்துமாலைகள், புலித்தோல், வாசலில் வெல்வெட் அங்கியும் தலைப்பாகையுமாக ஒரு காவலன். வரைந்த ஐரோப்பியர் இந்தப் பக்கமே வந்ததில்லையாம், எல்லாம் கற்பனையாம். மேனேஜரே விருந்தினரிடம் பெருமையாகச் சொல்வார். அந்தக் காவலனை நிஜ வாசலில் நிறுத்தும் யோசனையும் அவருடையதுதான்.

முதல் நாள் கோட்டை மாட்டிவிட்டபோது அண்ணன் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். "என்னடா தம்பி, மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்புன மாதிரி இருக்கு. குதிரை எங்க?"

ஜூன் வந்ததும் சிரிப்பு போயிற்று. "படம் வரைஞ்சவன் ஒரு மத்தியானம் இங்க நின்னிருந்தான்னா, ராஜாவையே பனியனோட வரைஞ்சிருப்பான்" என்றார். கோடைக்கு மட்டும் பருத்தியில் கோட்டு கேட்டு மேனேஜரிடம் போனார். அதே சிவப்பில் தைத்துத் தருகிறேன் என்று நானும் கூடப் போனேன். மேனேஜர் ஓவியத்தைக் கைகாட்டினார். "படத்தில் வெல்வெட்தானே இருக்கிறது?"

அடப்பாவி! எவரோ குளிர்காய்ந்துகொண்டே தீட்டிய கனவுக்காக உயிருள்ள மனிதர் வேகவேண்டுமா? அண்ணன் மறுபடி கேட்டார். "மாஃபி", கிடையாது என்று ஒரே அரபி வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும். கோட்டின் உள்துணியில் பூத்திருக்கும் வியர்வை உப்பை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்று மேனேஜர் ஆளனுப்பினார். புதிதாக வருபவர் குள்ளமாம், கோட்டை உயரம் குறைக்க வேண்டுமாம். "மேனேஜர் இதைப் போட்டுக்கிட்டு மத்தியானம் வாசல்ல நிக்கட்டும். அவரு அளவுக்கே தைச்சுத் தரேன்னு சொல்லு" என்றேன். வேலை போனால் போகட்டும். அந்தக் கோட்டில் இனி என் ஊசி இறங்காது.

போய் வாருங்கள் அண்ணே. நீங்கள் கேட்ட பருத்தியில் ஒரு சட்டை தைத்து ஆஸ்பத்திரியில் கொடுத்திருக்கிறேன். ஊருக்கு அதைப் போட்டுக்கொண்டு போங்கள்.